கூட்டத்தில் பேசாதவர்கள்: அதிகாரத்தையும் எதிர்ப்பையும் மானிடவியல் எப்படிப் பார்க்கிறது

திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பியிருக்கும் கமக்காரர்களுக்கு ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் ஒரு பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். எத்தனை ஏக்கர் செய்யலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதி திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வயற்பக்கத்திலிருந்து எப்போது அகற்றுவது, கடைசித் தண்ணீர் எப்போது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலுவும் உண்டு.

மறுநாள் பத்திரிகையில் வந்தால் தீர்மானங்கள் மட்டும் வரும். மானிடவியல் கேட்பது வேறு. முன்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்கள் யார்? வாசலோரம் நின்று கேட்டுவிட்டுப் போனவர் யார்? வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவர் "எங்கட பக்கம் தண்ணி வந்து சேருறதில்ல" என்று சொன்னபோது பதில் கிடைத்ததா, அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்களா? கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் என்ன பேசினார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கும் துறைக்கு அரசியல் மானிடவியல் என்று பெயர். கட்சியும் தேர்தலும் அதற்குள் வரும். ஆனால் தொடங்கும் இடம் இன்னும் கீழே இருக்கிறது: யாருடைய சொல் நிறைவேறுகிறது, மற்றவர்கள் அதை ஏன் ஏற்கிறார்கள், ஏற்க மனமில்லாதபோது என்ன செய்கிறார்கள்?

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

சமூகவியலாளர் மக்ஸ் வேபரின் வரையறை தொடக்கத்துக்குப் போதும். பிறர் எதிர்த்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பே அதிகாரம். ஆனால் எந்நேரமும் மிரட்டிக்கொண்டே எவராலும் ஆள முடியாது. இவர் சொன்னால் கேட்பதுதான் முறை என்று மக்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது நிலைக்கும். அந்த ஏற்பு சட்டத்தாலும் பதவியாலும் வரலாம், மரபால் வரலாம், ஒருவரின் தனிப்பட்ட ஈர்ப்பால் வரலாம் என்று வேபர் பிரித்தார்.

கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் முதல் வகை. வதிவிடச் சான்றிதழுக்கு அது வேண்டும். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் கையொப்பத்தின் வலு புதிதாக வருபவருக்குப் போய்விடும், பழையவரோடு கூடப் போகாது. மரபு வகைக்குத் திருகோணமலையில் கோணேசர் கல்வெட்டை விட நல்ல எடுத்துக்காட்டுக் கிடையாது. கவிராஜவரோதயர் பாடியதாகச் சொல்லப்படும் அந்த நூலில், குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலையும் குளத்தையும் அமைக்கிறான். தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகளைக் கொண்டுவந்து இருத்துகிறான். ஒவ்வொரு குடிக்கும் கோயில் தொழும்பு, அதாவது செய்யவேண்டிய பணி, இன்னது என்று வகுக்கிறான். அவர்களுக்குள் வழக்கு வந்தால் தீர்க்க வன்னிபத்தை நியமிக்கிறான். இதில் எது நடந்தது, எது பிற்காலத்தில் சேர்ந்தது என்பது வரலாற்றாசிரியரின் வேலை. மானிடவியலாளருக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: இப்படி ஒரு நூல் இருப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது? கடமையாக எழுதப்பட்டது காலப்போக்கில் உரிமையாகிறது. ஒரு தொழும்பு தன் குடிக்கு உரியது என்று சொல்லக்கூடியவர், அதை வேறொருவர் செய்ய வந்தால் தடுக்கவும் முடியும். கோயில் வழக்குகள் பலவற்றின் அடியில் இருப்பது இதுதான்.

மூன்றாவது வகையை எல்லோருக்கும் தெரியும். பதவியும் பரம்பரையும் இல்லாமல் பேச்சாலும் துணிவாலும் ஆட்களைத் திரட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நடைமுறையில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கலந்துதான் இருக்கும். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கோயில் பரிபாலன சபைத் தலைவராகவும் கமக்காரர் அமைப்பின் செயலாளராகவும் இருந்தால், கூட்டத்தில் அவர் எழுந்து பேசும்போது ஊர் எந்த வலுவுக்குக் கட்டுப்படுகிறது? தொடக்கக்காரர் இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

அரசன் இல்லாத இடத்தில்

இந்தத் துறை வளர்ந்தது ஆபிரிக்க ஆய்வுகளில். அரசும் பொலிசும் நீதிமன்றமும் இல்லாத சமூகங்களில் ஒழுங்கு எப்படி நிலைக்கிறது என்பதே அப்போதைய பெரிய கேள்வி. பிரித்தானிய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சட் 1940இல் வெளியிட்ட ஆய்வு, அன்றைய சூடானின் (இன்று தென் சூடான்) நுவெர் மக்களைப் பற்றியது. மாடு வளர்க்கும் அந்த மக்களிடம் கொலை நடந்தால், சிறுத்தைத் தோல் போர்த்திய ஒரு சமரசக்காரரிடம் கொலையாளி அடைக்கலம் போவார். இழப்பீடு 40 முதல் 50 மாடுகள் என்று பேச்சு நடக்கும். கொடுத்து முடிக்க ஆண்டுகள் ஆகும். அந்தச் சமரசக்காரரால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இரு தரப்புக்கும் சண்டை சலித்திருக்க வேண்டும், அடுத்தடுத்து வாழவேண்டிய தேவை இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் சொல் பலிக்கும்.

இந்த ஆய்வின் குறையையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்போது சூடான் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. நுவெர்களை அடக்கப் படை நடவடிக்கைகள் நடந்து முடிந்த சில ஆண்டுகளில் செய்யப்பட்ட ஆய்வு அது, அதற்குப் பணம் கொடுத்ததும் அந்த நிர்வாகமே. அந்த வன்முறை அவருடைய பகுப்பாய்வுக்குள் போதிய அளவு வரவில்லை என்று பின்வந்தவர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. அதிகாரத்தை ஆராய வந்தவர், தன்னை அங்கே கொண்டுவந்து சேர்த்த அதிகாரத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டார்.

அரசின் கையில்லாத ஒழுங்கைப் பார்க்கச் சூடானுக்குப் போகவேண்டியதில்லை. கரைவலை வளைக்கும் கடற்கரைகளில் ஒரு பாட்டில், அதாவது வலை வளைக்கும் ஒரு கரைப்பகுதியில், இன்றைக்கு யார் வலை போடுவது, அடுத்தது யார் என்ற முறை இருக்கிறது. இப்போது கடற்றொழில் திணைக்களத்தின் பதிவும் அனுமதியும் உண்டு என்றாலும், விடியற்காலையில் முறை தவறினால் முதலில் கூடிப் பேசுவது கரையில் நிற்பவர்கள்தான். கடலோரச் சங்கங்களின் வலுவும் அங்கிருந்துதான் வருகிறது. சுருக்குவலை போன்ற, வெளியிலிருந்து பெரிய முதலோடு வரும் தொழில் நுழைந்தவுடன் அந்த முறை தடுமாறுகிறது. கரையில் முகம் பார்த்துப் பேசித் தீர்க்கும் வழிக்கு, கரைக்கே வராத முதலாளி கட்டுப்படமாட்டார்.

ஒரே கூட்டத்தில் மூன்று அடுக்கு

மறுபடி வயலுக்கு வருவோம், ஏனென்றால் அதிகாரத்தின் அடுக்குகளைப் பிரித்துக் காட்ட அந்தப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் 1974இல் அதிகாரத்துக்கு மூன்று பரிமாணங்கள் உண்டு என்று எழுதினார்.

முதலாவது வெளிப்படையானது. 15ஆம் திகதி தண்ணீர் திறக்க வேண்டும் என்று ஒரு பகுதியார் கேட்கிறார்கள், 25ஆம் திகதி என்று இன்னொரு பகுதியார் கேட்கிறார்கள், யாருடைய திகதி நிற்கிறது? இதைக் கூட்டக் குறிப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பேச்சுக்கே வராதவை. நிகழ்ச்சி நிரலில் திகதிகள் இருக்கும். மேட்டு வாய்க்காலில் அனுமதியில்லாமல் மோட்டர் வைத்து இறைப்பவர்கள் பற்றி இருக்காது. குத்தகைக்குச் செய்பவர் வந்திருக்கலாம், ஆனால் கையெழுத்து காணிக்காரருடையது. கடைக்கோடித் தண்ணீர்ப் பிரச்சினை "பராமரிப்பு" என்ற தலைப்பில் கடைசியில் வரும். அதற்குள் அதிகாரிகள் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் ஆகியிருக்கும். இங்கே ஒருவரும் தடுக்கப்படவில்லை, ஒருவரும் தோற்கவுமில்லை. ஆனாலும் ஒரு தரப்பின் குறை கேட்கப்படாமலே போய்விட்டது.

மூன்றாவதைக் காண்பது கடினம். மக்கள் எதை விரும்புகிறார்கள், எதைத் தம் பங்கென்று நினைக்கிறார்கள் என்பதையே அதிகாரம் உருவாக்கும் நிலை அது. "கடைக்கோடிக்கு எப்பவும் குறையத்தான் வரும்" என்று அங்குள்ளவரே சொல்லத் தொடங்கிவிட்டால், முறையிடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

இதோடு மானிடவியலாளர் எரிக் வூல்ஃப் சேர்த்த ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா அதிகாரமும் இயங்கும் களத்தையே அமைத்துத் தரும் அதிகாரம் ஒன்று உண்டு, அதை அமைப்புசார் அதிகாரம் என்றார் அவர். நம் மாவட்டத்தில் இதற்குக் கண்ணெதிரே இருப்பது காணிச் சட்டம். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும், முடிந்தால் வயலும், சீதனமாக மகளுக்குப் போவது நெடுநாள் வழக்கம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, குடியேற்றத் திட்டங்களில் பெர்மிட் காணியைக் குடும்பத் தலைவருக்குக் கொடுத்தது. பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி பெறுபவரை, நியமிக்காமல் அவர் இறந்தால், உரிமை போகும் வரிசையில் ஆண்களுக்கு முன்னுரிமை வைத்தது. 2022இல் திருத்தப்படும் வரை இந்த நிலை இருந்தது. எந்த அதிகாரியும் எந்தப் பெண்ணையும் நேரே பார்த்து "உனக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. படிவத்தின் கட்டங்களே அதைச் சொல்லிவிட்டன. கூட்டத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று பண்பாட்டில் மட்டும் காரணம் தேடுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: கமக்காரர் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் அழைப்புப் போகிறது.

தண்ணீரையும் காணியையும் விட்டுவிட்டு உறவு முறையையும் சாதியையும் மட்டும் பேசினால் என்ன தவறும் என்பதை மானிடவியலாளர் எட்மண்ட் லீச் இலங்கையிலேயே காட்டினார். 1954இல் வட மத்திய மாகாணத்தின் புல் எலிய என்ற சிறு குளத்துக் கிராமத்தில் அவர் களப்பணி செய்தார். குளமும் வாய்க்காலும் வயல் வரம்பும் எளிதில் மாற்ற முடியாதவை, மனிதர்கள் தம் உறவுகளை அவற்றுக்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். யார் யாருக்கு மச்சான் என்பதைக் குறிக்குமுன், எந்த வயலுக்கு எந்த வாய்க்கால் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு: சத்தமும் சத்தமில்லாமையும்

எதிர்ப்பு என்றவுடன் ஊர்வலம் நினைவுக்கு வரும். திருகோணமலைக்கு அது புதிதல்ல. 1956 ஓகஸ்ட்டில் தமிழரசுக் கட்சி நடத்திய திருமலை யாத்திரையும் மாநாடும் அரசின் குடியேற்றக் கொள்கையை நேரடியாக எதிர்த்தன. இவற்றைப் பதிவுசெய்யப் பத்திரிகைகளும் கட்சி ஆவணங்களும் இருக்கின்றன. பதிவாகாத எதிர்ப்பைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்கொட்.

அவர் 1978 முதல் 1980 வரை மலேசியாவின் கெடா மாநிலத்தில், செடாக்கா என்று புனைபெயர் கொடுத்த ஒரு நெல் கிராமத்தில் தங்கினார். அறுவடை இயந்திரங்கள் வந்து ஏழைகளின் கூலி வேலையைப் பறித்த காலம் அது. கிளர்ச்சி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நெல் சிறிது சிறிதாகக் களவு போனது. இயந்திரம் பிடித்தவர்களின் வயலில் நாற்று நட வரும் பெண்கள் குழுக்கள் ஏதாவது காரணம் சொல்லித் தாமதித்தன. பணக்காரரின் கஞ்சத்தனம் பற்றிய கதைகள் ஊரெங்கும் சுற்றின. 1985இல் வெளியான அந்த ஆய்வு இவற்றை எளியோரின் ஆயுதங்கள் என்று பெயரிட்டது. முதலாளியின் முன்னால் பேசுவது ஒன்று, அவர் இல்லாத இடத்தில் பேசுவது இன்னொன்று என்றும், இரண்டையும் கேட்காதவருக்கு ஊர் விளங்காது என்றும் பின்னர் விரித்து எழுதினார்.

இதை நம் ஊரில் நுண்கடன் விடயத்தில் நெருங்கிப் பார்க்கலாம். கடன் ஒரு பெண்ணுக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை, குழுவாகக் கொடுக்கப்படும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. கிழமைக்கு ஒருநாள், குறித்த நேரத்தில், ஒரு வீட்டு விறாந்தையில் எல்லோரும் கூட வேண்டும். வசூலிக்க வருபவர் மோட்டார் சைக்கிளில் வருவார். கட்ட முடியாத கிழமை என்ன நடக்கிறது? முதலில் தொலைபேசி நிறுத்தப்படும். வாசலில் செருப்பு இருக்காது. பிள்ளை வந்து "அம்மா டவுனுக்குப் போயிட்டா" என்று சொல்லும். பின்வாசலால் பக்கத்து வளவுக்குப் போய், மோட்டார் சைக்கிள் சத்தம் போனபின் வருவார்கள். சிலர் முழுத்தவணையைக் கட்டாமல் பாதியைக் கட்டி, வசூலிப்பவரால் கணக்கை மூடவும் முடியாமல் சண்டை பிடிக்கவும் முடியாமல் வைப்பார்கள்.

இவ்வளவும் எதிர்ப்புத்தான். அதே விறாந்தையில் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்றும் பாருங்கள். வசூலிப்பவர் சத்தம் போடத் தேவையில்லை. குழுவில் மற்ற நான்கு பெண்களும் வீடு போக முடியாமல் காத்திருப்பார்கள். சமையல் கிடக்கும், பள்ளி விட்டுப் பிள்ளை வரும். அவர்களே போய் அவளைத் தேடிக் கூட்டி வருவார்கள். அதிகாரம் மேலிருந்து கீழே மட்டும் இறங்குவதில்லை, உறவுகளின் ஊடாகவே ஓடுகிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரியே காவலாளி ஆகிறாள். ஒரு நிறுவனத்தின் கடனைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் எடுப்பதை எதிர்ப்பென்று எண்ணிவிடக்கூடாது. அது பொறி இறுகுவது. பெண்களின் முறைப்பாடுகள் வடக்குக் கிழக்கெங்கும் வெளிப்படையான போராட்டங்களாக மாறியபின், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கம் அறிவித்தது. மூடிய கதவுகள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கொழும்பு அப்போதுதான் கேட்டது.

சத்தமில்லாத எதிர்ப்புக்கும் ஊர்வலத்துக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது: அசையாமல் இருப்பது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாகவும் முதலீட்டு வலயமாகவும் ஆக்கப்பட்டன. கிளிவெட்டி போன்ற இடைத்தங்கல் முகாம்களில் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களில் பலர், மாற்றுக் காணி தருகிறோம் என்றபோது ஏற்கவில்லை. உறுதிகளையும் பழைய பங்கீட்டு அட்டைகளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2015இல் 818 ஏக்கரும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அரசியல் மாற்றம், வழக்கு, கட்சிகளின் அழுத்தம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த மக்கள் மாற்றுக் காணியில் கையெழுத்து வைத்திருந்தால் திரும்பக் கேட்பதற்கு ஆளே இருந்திருக்காது.

எல்லாவற்றிலும் எதிர்ப்பைக் காணும் ஆசை குறித்து மானிடவியலாளர் லீலா அபு-லுகொட் 1990இல் எச்சரித்தார். எகிப்தின் அவ்லாத் அலி பெடூயின் சமூகத்தில் இளம் பெண்கள் கடையில் வாங்கிய அழகுசாதனங்களாலும் உடைகளாலும் மூத்தோரின் கட்டுப்பாட்டை மீறினார்கள். மீறிய அதே கணத்தில் சந்தையின் பிடிக்குள்ளும் கணவனின் வருமானத்தை நம்பும் நிலைக்குள்ளும் போனார்கள். எதிர்ப்பைக் கொண்டாடுவதைவிட அதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்வதே பயன் என்றார் அவர். ஓர் இடத்தில் மக்கள் எதை மறைக்கிறார்கள், எங்கே தாமதிக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கே எந்த அதிகாரம் அழுத்துகிறது என்பது தெரியும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போக வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்கத் தொடங்கினால்

முழு ஊரையும் எடுக்காதீர்கள். ஒரு தகராற்றை எடுங்கள்: ஒரு மேய்ச்சல் தரை, ஒரு வாய்க்கால், ஒரு கோயில் திருவிழா உபயம். அதைத் தொடக்கத்திலிருந்து ஒரு முழுப் போகமாவது பின்தொடருங்கள். ஒரு போகத்துக்குக் குறைந்தால், தண்ணீர் திறக்குமுன் பேசியவர்கள் தண்ணீர் குறைந்தபின் என்ன செய்தார்கள் என்பது கிடைக்காது. மானிடவியலாளர் விக்டர் டேர்னர் இப்படிப்பட்ட தகராறுகளை நான்கு கட்டங்களாகப் பார்த்தார்: முறை மீறல், நெருக்கடி, தீர்க்கும் முயற்சி, பின்பு ஒட்டுவது அல்லது பிரிவது. மூன்றாவது கட்டத்தில் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதில் அதிகம் கவனம் வையுங்கள். பொலிசையா, பள்ளிவாசல் நிர்வாகத்தையா, பாராளுமன்ற உறுப்பினரின் இணைப்பாளரையா? அந்தத் தெரிவே ஊரின் அதிகார வரைபடம்.

கூட்டத்துக்குப் போனால் முதலில் கதிரை வரைபடம் ஒன்று கீறுங்கள். பேசியவர்களின் வரிசை, எத்தனை நிமிடம், எந்த மொழியில் என்று குறியுங்கள். திருகோணமலையில் மொழி முக்கியம். சிங்களத்தில் நடக்கும் விளக்கத்தை யார் தமிழில் சொல்கிறாரோ, அவர் கையில் ஒரு சிறு அதிகாரம் இருக்கிறது. எதை விட்டுவிட்டார் என்பதையும் கவனியுங்கள். அன்றிரவே விரிவாக எழுதிவிடுங்கள், அடுத்த நாள் பாதி போய்விடும். உத்தியோகபூர்வக் கூட்டக் குறிப்புக் கிடைத்தபின் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். குறிப்பில் இல்லாதவற்றின் பட்டியலே உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயம்.

பொதுவாகப் பிழைப்பது முதல் நாளில். கிராம உத்தியோகத்தரோடு ஊருக்குள் போய் இறங்கினால், நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தவர் என்றே நினைப்பார்கள். அஸ்வெசும போன்ற கொடுப்பனவுகள் புள்ளிக் கணக்கில் தீர்மானமாகும் காலத்தில், அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் வறுமையான பதிலே வரும். அனுமதியை முறைப்படி எடுங்கள், ஆனால் தனியே போங்கள். "இந்த ஊரில் செல்வாக்கு யாருக்கு?" என்றும் நேரே கேட்காதீர்கள். பதவிகளின் பட்டியல் கிடைக்கும், அவ்வளவுதான். "போன முறை மாடு வயலுக்குள்ள இறங்கினப்போ யாரிட்டப் போனீங்க?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

தாமதத்தை எல்லாம் எதிர்ப்பென்று எழுதிவிடாதீர்கள். மூதூரிலிருந்து வரவேண்டியவர் பஸ் தவறியும் பிந்தியிருக்கலாம். அதே ஆள், அதே கூட்டத்துக்கு, அதே தலைப்பு வரும் நேரத்தில் திரும்பத் திரும்பப் பிந்துகிறாரா, வேறு கூட்டங்களுக்கு நேரத்துக்கு வருகிறாரா என்று பாருங்கள். அவருக்கு நெருங்கியவர்கள் அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

எழுதும்போது பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சிறிய ஊரில் "வாய்க்கால் கடைசியில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விதவை" என்றால் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். வயதையோ ஏக்கரையோ இடத்தையோ மாற்றுங்கள், தேவைப்பட்டால் இரண்டு ஆட்களை ஒன்றாக்குங்கள், அப்படிச் செய்ததை முன்னுரையில் சொல்லுங்கள். ஒளிக்கும் வழிகளை விவரமாக எழுதினால் வசூலிப்பவரும் அதிகாரியும்கூட வாசிப்பார்கள். எனவே, இன்னும் நடைமுறையில் இருக்கும் தந்திரம் ஒன்றை வெளியிடுமுன், அதைச் சொன்னவரிடம் திரும்பப் போய் அந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பந்தியை எடுத்துவிடுங்கள்.